சாண்ட்ஸ் ஹோட்டல் பெட்டி: விற்பதா, கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 85 வயது. பாட்டி என்பது நாங்கள் வைத்த பெயர். என் மகள் நாலு வயதில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள்; அர்த்தம் சொன்னதும் அந்த அமெரிக்கப் பெண்மணிக்கும் பிடித்துப்போய்விட்டது. போன வருடம் லாஸ் வேகஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவெடுத்தார். கராஜிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீ கம்ப்யூட்டர் ஆள்தானே, இதை என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்" என்றார். கம்ப்யூட்டருக்கும் அட்டைப்பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் வேறு எப்படித்தான் உதவி கேட்பார்கள்?

பாட்டியின் கணவர் 1963 முதல் லாஸ் வேகஸின் சாண்ட்ஸ் ஹோட்டல் கேசினோவில், அதாவது சூதாட்ட அரங்கில், பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில் சீட்டுப் போடும் டீலர். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. பெட்டிகளுக்குள் இருந்தவை: காபி டப்பா ஒன்று நிறையச் சிப்புகள், அதாவது சூதாட்ட மேசையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள். கண்ணாடி ஜாடியில் மேட்ச்புக்குகள், அதாவது மடக்கு அட்டைக்குள் தீக்குச்சி வைத்துத் தைத்தது. இரண்டு ஆஷ்ட்ரே. ஹோட்டலின் காபா ரூம் அரங்கத்து மெனு கார்டுகள். ஊழியர்களுக்காக அச்சடித்த செய்தித்தாள்கள். ரப்பர் பேண்டு உருகி ஒட்டிப்போன சம்பளச் சீட்டுக் கட்டு. புகைப்படங்கள். ஒரு உறை நிறைய நெகட்டிவ். கறுப்பு ஏப்ரன் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் சட்டைப்பை அளவில் ஒரு நோட்டுப் புத்தகம்.

இந்த மாதிரிப் பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கேசினோ பெட்டியாக இருக்க வேண்டும் என்றில்லை. பழைய ஹோட்டல், மூடிப்போன சினிமா தியேட்டர், தாத்தா வேலை பார்த்த மில், எதுவானாலும் முன்னால் இருக்கும் வழிகள் இவைதான். மூன்று மாதம் இதோடு அலைந்ததில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஹோட்டலைப் பற்றிக் கொஞ்சம், இல்லாவிட்டால் பெட்டியின் மதிப்பு புரியாது. சாண்ட்ஸ் திறந்தது 1952 டிசம்பர் 15. இன்று ஸ்ட்ரிப் என்று உலகமே சொல்லும் சாலையில் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் விடுதிகள். வேய்ன் மெக்காலிஸ்டர் வடிவமைத்த கட்டடம். தோட்டத்துக்கு நடுவே இரண்டு மாடி அறை வரிசைகள், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குதிரைப் பந்தய மைதானத்தின் பெயர். காபா ரூம் என்ற அரங்கம்தான் அதன் உயிர். 1960 தொடக்கத்தில் பாடகர்கள் ஃபிராங்க் சினாட்ராவும் டீன் மார்ட்டினும் சாமி டேவிஸ் ஜூனியரும் பகலில் ஊரில் சினிமா ஷூட்டிங் முடித்துவிட்டு, இரவில் இந்த மேடையில் ஏறிக் கூத்தடித்தார்கள். 1967இல் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் ஹோட்டலை வாங்கினார். அதே வருடம் கேசினோ தனக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தியதில் தகராறு முற்றி, சினாட்ரா சீசர்ஸ் பாலஸ் என்ற வேறு ஹோட்டலுக்குப் போய்விட்டார். அதன் பிறகு கைமாறிக் கைமாறி, 1989இல் ஷெல்டன் அடெல்சன் என்ற தொழிலதிபரிடம் வந்தது. 1996 ஜூன் 30இல் மூடினார்கள். நவம்பர் 26இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1999இல் வெனீஷியன் ஹோட்டல் எழுந்தது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மெரினா பே சாண்ட்ஸில் இருக்கும் சாண்ட்ஸ் இந்தச் சாண்ட்ஸ்தான். கட்டடம் போனாலும் பெயரை அடெல்சனின் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கம்பெனி 2022இல் லாஸ் வேகஸில் இருந்த தன் சொத்துகளை விற்றுவிட்டது. பெயர் மட்டும் இன்னமும் லாஸ் வேகஸ் சாண்ட்ஸ்.

சரி, பெட்டிக்கு வருவோம். விற்பனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாட்டியின் மகன் போனில் முதலில் கேட்டது "எவ்வளவு தேறும்?" என்பதுதான்.

தேறுவதில் முக்கியமானவை சிப்புகள். இந்த ஊரில் பொதுவாக வெள்ளை ஒரு டாலர், சிவப்பு ஐந்து, பச்சை இருபத்தைந்து, கறுப்பு நூறு. டீலர்கள் பேச்சில் சிவப்பு என்றால் நிக்கல், பச்சை என்றால் குவார்ட்டர்; ஐந்து சென்ட், இருபத்தைந்து சென்ட் காசுகளின் பெயர்கள் அவை. கேசினோ மூடும்போது, வெளியே இருக்கும் சிப்புகளைப் பணமாக மாற்றிக்கொள்ள மக்களுக்குக் கெடு கொடுத்து, எஞ்சியதை அழித்துவிட வேண்டும் என்பது நெவாடா விதி. அதனால்தான் தப்பிப் பிழைத்ததற்கு விலை. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், எந்த வருடத்துச் சிப் என்பது. கடைசி வருடங்களில் புழங்கியதை நினைவுக்காக வாங்கி வைத்தவர்கள் ஏராளம், அதனால் விலை பெரிதாக ஏறாது. 1950களின் முதல் வரிசை கிடைத்தால் கதையே வேறு. நூறு டாலர் சிப்பை யாரும் ஞாபகார்த்தமாக வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் பெரிய தொகைச் சிப்புதான் பெரும்பாலும் அரிது.

பாட்டியின் காபி டப்பாவில் பாதி, 1996 ஜூன் கடைசி வாரத்தில் அவரே காசு கொடுத்து வாங்கியவை. மீதிப் பாதி எப்படி வந்தது என்று கேட்டேன். "அவருக்கு நல்ல டிப்ஸ் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு காபி போடப் போய்விட்டார். டீலர்களின் உடுப்பைப் பையில்லாமல் தைப்பதும், அதற்கு மேல் ஏப்ரன் கட்டிவிடுவதும் எதற்காக என்பது எனக்குத் தெரியும், நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

சட்டத்தில் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நெவாடா விதிப்படி சிப் அதை வைத்திருப்பவரின் சொத்தே இல்லை. கேசினோ அவருக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டும்தான்; பொருள் எப்போதும் கேசினோவுக்கே சொந்தம். மூடிப்போன ஹோட்டலின் சிப்பைத் திருப்பிக் கேட்டு யாரும் வரப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

விற்க நான்கு இடம் இருக்கிறது. வீட்டைக் காலி செய்கிறவர்களிடம் மொத்தமாக வாங்கும் வியாபாரி ஒருவர். இணையத்தில் ஒவ்வொன்றாகப் போடுவது ஒன்று. சிப் சேகரிப்பவர்களுக்கென்றே 1988இல் தொடங்கிய சங்கம் ஒன்று இருக்கிறது, இப்போது கேசினோ கலெக்டிபிள்ஸ் அசோசியேஷன் என்று பெயர், வருடா வருடம் லாஸ் வேகஸில் கண்காட்சி நடத்துகிறார்கள். நான்காவது ஏலக் கம்பெனி.

மொத்த வியாபாரியை முதலில் கூப்பிட்டோம், தப்பு எங்களுடையது. வந்தவர் பெட்டிகளைப் பத்து நிமிடத்தில் புரட்டி முடித்தார். சம்பளச் சீட்டுக் கட்டை எடுத்துத் தரையில் வைத்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூடி, அதையும் அதன் மேல் வைத்தார். "சினாட்ரா கையெழுத்து ஏதாவது இருக்கா?" என்றார். இருந்தது, மெனு கார்டு ஒன்றில். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். என்னையும் பார்க்கச் சொன்னார். பேனா மையாக இருந்தால் கோடு தொடர்ச்சியாக ஓடும், காகித இழையில் கொஞ்சம் ஊறியிருக்கும், கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் இருட்டாகும். இது குட்டிக் குட்டிப் புள்ளிகளாக இருந்தது, அச்சடித்தது. அந்தப் பாடத்துக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பிறகு டப்பாவோடு சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரு விலை சொன்னார். பாட்டி யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் போனதும் நான் சிப்புகளை மட்டும் இணையத்தில் ஏற்கெனவே விற்று முடிந்த விலைகளோடு ஒப்பிட்டேன். சொன்ன விலை, சிப்புகளின் விலையில் பாதிகூட இல்லை. விற்கக் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்பதற்கு என்ன, யாரும் எதையும் கேட்கலாம்.

இணையத்தில் நாமே போட்டால் விலை நன்றாக வரும், நேரம்தான் போகும். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் விளிம்பும் படம் எடுக்க வேண்டும். மேட்ச்புக் என்றால் இன்னொரு தலைவலி: தீக்குச்சியோடு இருப்பதைத் தபாலிலும் விமானத்திலும் நினைத்தபடி அனுப்ப முடியாது. பயணிகூட கைப்பையில் ஒன்றே ஒன்றுதான் கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியில் அதுவும் கூடாது. அதனால் சேகரிப்பவர்களில் பலர் குச்சியைப் பிரித்தெடுத்துவிட்டு அட்டையை மட்டும் தட்டையாக வைத்துக்கொள்கிறார்கள். குச்சியோடு முழுசாக இருந்தால்தான் மதிப்பு என்கிறவர்களும் உண்டு. இந்தச் சண்டையில் எனக்குக் கருத்து கிடையாது.

ஏலக் கம்பெனி பெரிய பெயருக்குத்தான் சரி. விற்பவரிடம் கமிஷன், வாங்குபவரிடம் தனியாக ஒரு சதவீதம் என இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்வார்கள். நட்சத்திரம் உடுத்திய கோட்டு, நிஜமான கையெழுத்து, காபா ரூம் நடன மங்கையின் தலை அலங்காரம், இப்படி இருந்தால் போகலாம். ஆஷ்ட்ரேவுக்காக அவர்கள் போனைக்கூட எடுக்க மாட்டார்கள்.

ஆஷ்ட்ரே, நாற்காலி, விளக்கு வகையறாவில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். இந்த ஊரில் ஹோட்டல் மூடினால் உள்ளே இருப்பதை அப்படியே விலைச்சீட்டு ஒட்டி விற்றுவிடுவது வழக்கம். 1955இல் திறந்த ரிவியரா 2015 மே 4இல் மூடியது; அந்த மாதமே கட்டில், விளக்கு, கண்ணாடி என்று அறை அறையாக விற்பனை தொடங்கிவிட்டது. 2006 நவம்பரில் மூடிய ஸ்டார்டஸ்ட்டிலும் 2024 ஏப்ரலில் மூடிய டிராபிக்கானாவிலும் இதே கதைதான். ஆயிரக்கணக்கான அறைகளின் சாமான் ஊருக்குள் இறங்கியிருக்கும்போது நம்முடைய ஒரு ஆஷ்ட்ரேவுக்கு என்ன கிடைக்கும்?

அடுத்து அருங்காட்சியகம். "மியூசியத்தில் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்களே" என்று பாட்டிக்கு ஆசை. நியான் மியூசியம் இருக்கிறது, நானும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். லா கொஞ்சா மோட்டலின் சங்கு வடிவ வரவேற்பறையைத் துண்டு துண்டாக அறுத்துக் கொண்டுவந்து பொருத்தி, அதையே வாசலாக வைத்திருக்கிறார்கள். பால் ரெவியர் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர் வரைந்தது அது. உள்ளே ஸ்டார்டஸ்ட், மூலான் ரூஜ் ஹோட்டல்களின் பெயர்ப் பலகைகள். பலகைகள் பிழைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அவற்றில் பல ஹோட்டலுடையதே இல்லை, யங் எலக்ட்ரிக் சைன் கம்பெனி வாடகைக்குக் கொடுத்தவை. இறக்கியதும் கம்பெனியின் பின்கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அங்கே கிடந்ததுதான் அருங்காட்சியகத்துக்கு வித்து. ஆனால் அது பலகைகளுக்கான இடம். மாப் மியூசியம் குற்றக் கும்பல்களின் கதைக்கானது. ஒரு டீலரின் சம்பளச் சீட்டுக்கு இரண்டிலும் இடமில்லை. மேலும், எந்த அருங்காட்சியகமானாலும் தன்னிடம் இருப்பதில் சிறு பகுதியைத்தான் வெளியே வைக்கும். நம் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் என்ற நினைப்பில் கொடுத்தால் ஏமாற்றம்தான்.

இன்னொரு வழி பல்கலைக்கழக ஆவணக் காப்பகம். லாஸ் வேகஸில் இருக்கும் நெவாடா பல்கலைக்கழகத்தின் லீட் நூலகத்துக்குள் சிறப்புச் சேகரிப்புப் பிரிவு இருக்கிறது. சாண்ட்ஸின் விளம்பர அலுவலகத் தாள்கள் அங்கேதான் உள்ளன: செய்திக் குறிப்புகள், கடிதங்கள், புகைப்படங்கள். ஆல் ஃப்ரீமன் என்பவர்தான் அந்த ஹோட்டலின் விளம்பர மூளை. நீச்சல் குளத்தின் நடுவே மேசையை மிதக்கவிட்டு, நீச்சல் உடையில் ஆட்கள் தாயம் உருட்டுகிற படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்த மேசை சாண்ட்ஸ் குளத்தில்தான் மிதந்தது. வெயில், தண்ணீர், சூதாட்டம் மூன்றையும் ஒரே படத்தில் சொல்லிவிட்டார்கள். குளிரில் நடுங்கும் ஊர்களின் பத்திரிகைகளுக்கு அது போனால் யார் டிக்கெட் எடுக்காமல் இருப்பார்கள்?

ஆக, முதலாளி பக்கத்துக் கதை அங்கே ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவன் கதை பாட்டியின் கராஜில் இருந்தது. இது எனக்கே உறைத்தது நோட்டுப் புத்தகத்தை உட்கார்ந்து படித்தபோதுதான்.

அந்த நோட்டை என்னவென்று சொல்ல! பென்சிலில், பொடி எழுத்தில், ஒரு ஆளுக்கு ஒரு வரி. தன் மேசைக்கு வாடிக்கையாக வருகிறவர்களைக் குறித்து வைத்திருக்கிறார். தாராளமாக டிப்ஸ் கொடுப்பவர் பெயருக்குப் பக்கத்தில் ‘ஜார்ஜ்’. கொடுக்காதவருக்கு ‘ஸ்டிஃப்’. இரண்டும் டீலர்கள் தங்களுக்குள் பேசும் பாஷை. டிப்ஸுக்கு அவர்கள் சொல் ‘டோக்’. ஒரு எண்ணெய்க் கிணற்று முதலாளி: மனைவி கூட வந்தால் சின்னச் சிப், தனியாக வந்தால் கறுப்பு. ஒரு பல் மருத்துவர்: தோற்கும்போது ஜோக் சொல்வார், ஜெயித்தால் பேச மாட்டார். ஒரு விதவை: ராத்திரி ரெண்டு மணிக்கு மேல்தான் வருவார், பேச்சுத் துணைக்கு ஆடுகிறார், அவசரப்படுத்தாதே. இப்படி நாற்பது பக்கம். அந்த வியாபாரி இரண்டு நொடியில் மூடிய நோட்டு இதுதான். அவர் மேல் குற்றமில்லை, சந்தையில் இதற்கு விலை கிடையாது. பிரபலமான ஒரு பெயர்கூட இதில் இல்லையே. காப்பகத்துக்கு அதே காரணத்தால்தான் இது வேண்டும்.

சம்பளச் சீட்டும் அப்படியே. எந்த வருடம் டீலருக்கு எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம் என்பது விளம்பர அலுவலகத் தாள்களில் இருக்காது. ஊழியர் செய்தித்தாளில் யாருக்குக் கல்யாணம், எந்தப் பிரிவு பௌலிங்கில் ஜெயித்தது என்று இருக்கும். குழுப் படத்தின் பின்னால் பால்பாயிண்டில் எல்லார் பெயரும் இருக்கும். சமையல்கட்டுப் படங்களில் கறுப்பின ஊழியர்கள், மேசைப் படங்களில் எல்லாம் வெள்ளையர்கள். 1955இல் எல்லா இனத்தவரையும் சமமாக உள்ளே விட்ட மூலான் ரூஜ் சில மாதங்களில் மூடிவிட்டது. 1960 மார்ச்சில் அதே கட்டடத்தில் உட்கார்ந்து பேசித்தான், ஸ்ட்ரிப் ஹோட்டல்கள் கறுப்பின விருந்தினர்களைச் சேர்க்க ஒப்புக்கொண்டன. விருந்தினருக்குக் கதவு திறந்தது, பாட்டி வீட்டு 1964 படத்தில் மேசைக்குப் பின்னால் இன்னும் திறக்கவில்லை. இதை ஒரு படத்தில் பார்க்கலாம், சிப்பில் பார்க்க முடியாது.

காப்பகத்துக்கும் குறைகள் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காசு வராது. நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் பொருள் அவர்களுடையது, அடுத்த வருடம் மனசு மாறிப் போய் நின்றால் கிடைக்காது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். தங்களிடம் இருப்பதன் மறுபிரதி, வீணாய்ப் போனது, இதையெல்லாம் திருப்பித் தரலாம், அல்லது கழித்துவிடலாம். எதைச் செய்ய வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வகைப்படுத்தி அட்டவணையில் ஏற மாதங்கள் ஆகும், சில நேரம் வருடங்கள். பிறகு, உங்கள் கையில் புகைப்படம் இருக்கிறது என்பதால் அதன் பதிப்புரிமை உங்களுடையது என்று அர்த்தமில்லை. ஹோட்டல் எடுத்த விளம்பரப் படத்தைக் கொடுக்கும்போது நாம் காகிதத்தைத்தான் கொடுக்கிறோம்.

நோட்டுப் புத்தக விஷயத்தில் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. அந்தப் பல் மருத்துவர், அந்த விதவை, இவர்கள் பிள்ளைகள் எங்கோ இருப்பார்கள். இத்தனை வருடம் மூடிக் கிடந்த பெயர்களை ஊர் படிக்கத் திறந்துவிட யார் அனுமதி கொடுத்தார்? காப்பகங்களில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட வருடம் வரை திறக்கக் கூடாது என்று நன்கொடைப் பத்திரத்திலேயே நிபந்தனை போடலாம். இணையச் சந்தையில் இந்த வசதி இல்லை. வாங்கியவர் மறுநாளே பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டால் நாம் என்ன செய்ய முடியும்? நோட்டு எங்கே போக வேண்டும் என்பது எனக்கு இதோடு முடிவாகிவிட்டது.

வரிச் சலுகை பற்றியும் பாட்டியின் மகன் கேட்டார். அமெரிக்காவில் பொருளாகக் கொடுக்கும் நன்கொடைக்கும் கழிவு உண்டு. 500 டாலரைத் தாண்டினால் தனிப் படிவம், 5,000ஐத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் சான்றிதழ். காப்பகம் தானே மதிப்புப் போட்டுத் தராது. மதிப்பீட்டுக் கூலியையும் சம்பளச் சீட்டின் சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

வைத்துக்கொள்வது? எந்தப் பேரப்பிள்ளையாவது கேட்டால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் வைக்கும் இடம் முக்கியம். லாஸ் வேகஸ் கோடையில் வெளியே 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், கராஜுக்குள் அதற்கும் மேல். நான் நெகட்டிவ் உறையைத் திறந்தபோது ஊறுகாய் ஜாடி திறந்த மாதிரி புளிப்பு நெடி மூக்கில் ஏறியது. அசிட்டேட் பிலிம் சூட்டில் சிதையும்போது வெளியே வருவது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. ஒரு துண்டில் தொடங்கினால் பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். சுருண்டு, சுருங்கி, படலம் உரிந்துபோகும். திரும்பச் சரிசெய்ய வழியில்லை, குளிரில் வைத்து வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அதனால் அவற்றை மட்டும் தனியாகப் பிரித்து, அந்த வாரமே ஸ்கேன் செய்தேன்.

வீட்டில் வைப்பவர்களுக்கு: கராஜும் பரணும் வேண்டாம், படுக்கையறை அலமாரி போதும். பசை தடவிய பழைய ஆல்பம், செலோடேப், ரப்பர் பேண்டு, மலிவான பிளாஸ்டிக் உறை இவை நான்கும் எதிரிகள். பி.வி.சி. உறை சிப்பிலும் படத்திலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் உறையும் அமிலமில்லாத அட்டையும் வாங்குங்கள். படத்துக்குப் பின்னால் எழுதினால் பென்சிலில், அழுத்தாமல். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் செய்யுங்கள், ஏனென்றால் பெயர் அங்கேதான் இருக்கும். ஸ்கேன் செய்துவிட்டால் மூலம் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த மெனு கார்டுக் கையெழுத்து மையா அச்சா என்பதை ஸ்கேனை வைத்துச் சொல்லிவிட முடியுமா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் ஒரே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை என்று புரிந்தது. நாங்கள்தான் பெட்டியை ஒரே பொருளாக நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தோம். சந்தை எதற்கு நல்ல விலை கொடுக்கிறதோ, அது காப்பகத்துக்குப் பெரும்பாலும் தேவையில்லை. காப்பகம் எதைக் கையில் வாங்கி ஆவலாகப் புரட்டுகிறதோ, அதைச் சந்தை தரையில் வைக்கிறது. அப்புறம் எங்கே போட்டி?

ஆனால் பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை பார்த்தோம், அதை மட்டும் எல்லாரும் செய்யச் சொல்வேன். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி மொத்தமாகப் படம் எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பட்டியல் போட்டோம். பாட்டி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சொல்லச் சொல்ல போனில் பதிவு செய்தேன். ஏப்ரன் வந்தபோது எழுந்து நின்று காட்டினார். டீலர் மேசையை விட்டு விலகும்போது இரண்டு கையையும் லேசாகத் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்ட வேண்டும். கையில் சிப் எதுவும் ஒளித்துக்கொண்டு போகவில்லை என்று மேலே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். "ஓய்வு பெற்று இருபது வருடம் கழித்தும், சாப்பிட்டு எழுந்தால் என்னிடம் இப்படிக் காட்டிவிட்டுத்தான் போவார்" என்றார். அந்தப் பதிவு இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம். காப்பகத்துக்குக் கொடுத்ததில் அதுவும் ஒன்று.

பிரித்தது இப்படி. நோட்டு, சம்பளச் சீட்டு, செய்தித்தாள், பெயர் எழுதிய படங்கள், நெகட்டிவ், மெனு கார்டு, ஏப்ரன் எல்லாம் காப்பகத்துக்கு, நோட்டுக்கு மட்டும் கால நிபந்தனையோடு. சிப்புகளில் 1996 வரிசையை இணையத்தில் விற்றோம். பழசாகத் தெரிந்த ஆறு சிப்புகளைச் சங்கத்துக் கண்காட்சிக்கு நானே கொண்டுபோய் மூன்று பேரிடம் காட்டி விலை கேட்டேன். மூன்று பேரும் மூன்று விலை சொன்னார்கள், நடு விலைக்கு இரண்டைக் கொடுத்தேன், நான்கு பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. ஆஷ்ட்ரேயை மகன் கேட்டு வாங்கிக்கொண்டார், அவர் சிகரெட் பிடிப்பதில்லை. மேட்ச்புக் ஜாடியை எதிலும் அனுப்ப வழியில்லாமல் இன்னும் எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்திருக்கிறேன். மின்சாரம் போன ஒரு ராத்திரி மனைவி அதில் ஒன்றைக் கிழித்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். அறுபது வருடப் பழைய குச்சி, முதல் உரசலிலேயே பிடித்தது.

கிளம்புகிற அன்று காலையில் பாட்டி சாவியைக் கொடுக்க வந்தார். சாவியை வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சிவப்புச் சிப்பையும் வைத்து விரலால் என் பக்கம் தள்ளினார். "உனக்கு டோக்" என்றார். விதிப்படி பார்த்தால் அது கொடுப்பதற்கு அவருடையதும் இல்லை, வாங்கினாலும் என்னுடையது ஆகாது. 1996இல் இடிந்து விழுந்த ஒரு ஹோட்டல் யாருக்கோ ஐந்து டாலர் தர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.